வாசகர் கேள்வி – பதில்: முதலில் தராசு, பிறகு காணிக்கைப் பை

தவக்காலம் நெருங்குவதை முன்னிட்டு, கிறிஸ்தவ நற்குணங்களை அன்றாட வாழ்வில் கடைப்பிடிப்பதில் நேரும் சிக்கல்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஜெபம், உபவாசம், ஆராதனை ஆகியவற்றைப் பற்றியே கேள்விகள் வரும் என்று எண்ணியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை கடை, அடுக்களை, கடன், அண்டை வீடு ஆகியவற்றைப் பற்றியே இருந்தன. அவற்றுள் ஆறினை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் இன்னார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேத வசனங்களை, நம்மில் பலருக்குச் செவிப்பழக்கமான பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன்.

கேள்வி: சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றின் விலையும் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருக்கிறது. பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புது விலைக்கு விற்பது பாவமா? இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். சென்ற ஆண்டு சில மாதங்கள், மற்றவர்கள் செய்வதைப் பார்த்து நானும் வீசைக்கு ஒரு பிடி குறைத்து எடை போட்டேன். இப்போது அதை விட்டுவிட்டேன். ஞாயிறுதோறும் காணிக்கையை இரு மடங்காகப் போடுகிறேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. — ஒரு கடைக்காரர், யாங்கூன்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் இரண்டாம் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் உங்கள் மனம் ஆறாதது அங்கேதான், அது ஆறாமல் இருப்பதும் நல்லதே.

பர்மியர் பெய்தா என்று சொல்லும், ஏறத்தாழ 1.63 கிலோ கொண்ட இந்த மியான்மர் நாட்டு நிறைக்கு ஆங்கில நூல்களில் வழங்கும் 'விஸ்' என்ற பெயர், நம் 'வீசை'யிலிருந்து பிறந்தது. நம் சொல்லால் பெயர் பெற்ற நிறையை நம்மவர் கையே குறைப்பதைப் பற்றி நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேதம் இதில் இரண்டு விதமாகப் பேசவில்லை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் தொடங்குகிறது. லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரமோ, பிறனை உன்னைப்போல் நேசி என்று சொன்ன அதே அதிகாரத்திலேயே நியாயமான தராசையும் நியாயமான படியையும் கட்டளையிடுகிறது. அன்பும் அளவும் அங்கே ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நாம்தான் அவற்றைப் பிரித்து, அன்பைக் கோவிலுக்கும் அளவைக் கடைக்கும் என்று வைத்துக்கொண்டோம்.

காணிக்கையை இரட்டிப்பதால் ஏன் மனம் ஆறவில்லை என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு பிடி அரிசி உங்களுடையது அன்று, சபையினுடையதும் அன்று. பால் டப்பாவால் இரண்டு டப்பா, மூன்று டப்பா என்று அளந்து வாங்கிப்போன கூலிக்காரருடையது. அவருக்குச் சேரவேண்டியதை எடுத்துக் கர்த்தருக்குக் கொடுத்தால், கர்த்தரும் அதைப் பிறர் பொருளாகத்தான் பார்ப்பார். நம் மூத்தோர் ஞானோபதேசத்தில் படித்த தலையான புண்ணியங்கள் நான்கு: விவேகம், நீதி, மனத்திடன், மட்டசனம். இவற்றுள் நீதி என்பது அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுப்பது. தருமம் என்பது நமக்கு உரியதைப் பிறர்க்குக் கொடுப்பது. முன்னதைச் செய்யாமல் பின்னதைச் செய்ய முடியாது. முப்பது ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் கற்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: நாங்கள் பிள்ளைகளுக்குத் தருமத்தைக் கற்பித்த அளவுக்கு நீதியைக் கற்பிக்கவில்லை.

வரி வசூலிப்பவராக இருந்த சகேயு எழுந்து நின்று சொன்னதை மறுபடியும் வாசியுங்கள் (லூக்கா 19:8). ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கினது இருந்தால் அதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகவும் அவர் சொல்கிறார். கொடையும் திரும்பச் செலுத்துதலும் அவர் வாயில் இரண்டு தனித்தனிக் காரியங்களாகவே வருகின்றன. ஒன்றை மற்றொன்றின் கணக்கில் அவர் கழித்துக்கொள்ளவில்லை. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. எத்தனை மாதங்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு, அவர்கள் வாங்கும்போதெல்லாம் குறைத்ததைச் சேர்த்துக் கூடுதலாகப் போட்டுத் தீருங்கள். அதற்காக ஊரைக் கூட்டி அறிக்கையிட வேண்டியதில்லை. யாரென்று தெரியாதவர்களுக்கும் ஊரைவிட்டுப் போய்விட்டவர்களுக்கும் உரிய பங்கை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது திருச்சபையின் பழைய வழக்கம். அந்தப் பங்கைக் கோவில் உண்டியலில் போடாமல், உங்கள் தெருவிலேயே கூலி வேலை இல்லாமல் இருக்கும் வீட்டுக்கு அரிசியாகவே கொடுத்தால், எடுத்த இடத்துக்கு அருகிலாவது அது போய்ச் சேரும். கணக்குத் தீர்ந்த பிறகு காணிக்கையை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளுங்கள்.

இனி விலை. வணிகர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகிறது. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் தம் இறையியல் நூலில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். பண்டத் தட்டுப்பாடு உள்ள ஊருக்கு ஒரு வணிகர் கோதுமை கொண்டுவருகிறார். பின்னாலேயே வேறு வணிகர்கள் வருகிறார்கள் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்லாமல் அன்றைய விலைக்கு விற்றால் தவறா என்பது கேள்வி. நீதிக்கு விரோதம் என்று சொல்ல முடியாது, ஆனால் சொல்லிவிட்டாலோ விலையைக் குறைத்தாலோ அது மேலான நற்குணம் என்பது அவர் பதில். அதே இடத்தில் இன்னொன்றையும் சொல்கிறார்: வாங்குபவருக்கு அந்தப் பொருள் மிகவும் தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக விலையை ஏற்றக்கூடாது, ஏனென்றால் அவருடைய தேவை விற்பவரின் சொத்து அன்று. இந்த வாக்கியத்தை உங்கள் கல்லாப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் எழுதி ஒட்டிவைக்கலாம்.

இதை உங்கள் கடைக்குப் பொருத்திப் பார்த்தால், விற்ற பணத்தில் அதே அளவு சரக்கை மீண்டும் வாங்க முடியாமல் போனால் மூன்று மாதத்தில் கடையை மூட வேண்டிவரும். அதனால் மறுபடியும் சரக்குப் போடுவதற்குத் தேவையான விலையை வைப்பது பாவம் அன்று. விலை ஏறப்போகிறது என்று தெரிந்து, பின்கட்டில் மூட்டைகளை அடுக்கிவைத்துக்கொண்டு, "அரிசி தீர்ந்துவிட்டது" என்று சொல்வதுதான் பாவம். அதில் பொய்யும் சேர்கிறது. இரண்டுக்கும் நடுவில் உங்கள் மனச்சாட்சிக்கு இடம் இருக்கிறது. பால் டப்பா அளவில் வாங்குபவர்களுக்கு மட்டுமாவது, இருக்கும் சரக்கு தீரும்வரை பழைய விலையிலேயே கொடுங்கள். மூட்டையாக வாங்குபவர் புது விலையைத் தாங்குவார். அளக்கும்போது, ஆண்டவர் சொன்ன "அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து" என்ற சொற்கள் கைக்கு நினைவு வரட்டும். அரிசிக் கடைக்காரர்களை நேரே பார்த்துச் சொன்னதுபோல் இருக்கிறது அந்த வசனம்.

கேள்வி: என் கணவர் தாய்லாந்தில் வேலை செய்கிறார். நான் இரண்டு பிள்ளைகளுடன் மாமியார் வீட்டில் இருக்கிறேன். அவர் அனுப்பும் பணம் மாமியார் கையில்தான் வருகிறது. நான் சமைத்ததைப் பற்றியும் என் பிறந்த வீட்டைப் பற்றியும் பேசாத நாள் இல்லை. அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி நான் சொன்னதாக இல்லாததையெல்லாம் அவரிடம் சொல்கிறாள். சபைப் பெண்களிடம் அழுதால், "பொறுமையாய் இரு, உன் சிலுவையைச் சும" என்கிறார்கள். அம்மா, எதுவரைக்கும் பொறுப்பது? — ஒரு மருமகள், மோல்மீன்

பதில்: மகளே, "எதுவரைக்கும்" என்று நீ கேட்டது விசுவாசக் குறைவு அன்று. சங்கீதக்காரனும் கர்த்தரை நோக்கி அதையே கேட்டான்.

பொறுமை என்று நாம் ஒரே சொல்லால் சொல்வதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று ஹுப்பொமொனே, பாரத்தின் கீழ் ஓடிப்போகாமல் நிலைத்து நிற்பது. மற்றொன்று மக்ரோதூமியா; மனிதர்கள்மேல் எளிதில் சினம் கொள்ளாமை. "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்று பவுல் எழுதிய இடத்தில் இருப்பது இந்த இரண்டாவது. இவ்விரண்டில் எதற்கும் வாயைத் திறவாமல் இருப்பது என்று பொருள் இல்லை. பிரதான ஆசாரியனின் சேவகன் கன்னத்தில் அறைந்தபோது ஆண்டவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் பேசாமலும் இருக்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). சினமில்லாத, நேரான ஒரு கேள்வி. பொறுமைக்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நான் மணமான புதிதில் என் மாமியாருடன் எட்டு மாதங்கள் அவசியமானதைத் தவிர வேறெதுவும் பேசாமல் இருந்தேன். அதைப் பொறுமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒவ்வொரு சொல்லையும் எண்ணி அடுக்கிவைத்திருந்தேன். எந்தத் தேதியில் எதைச் சொன்னார் என்று இன்றும் என்னால் சொல்ல முடியும். அது பொறுமை அன்று, வட்டிக்கு விட்ட கோபம். ஆகையால் உன்னிடம் முதலில் கேட்பது: நீ வாயை மூடிக்கொண்டிருக்கும்போது உள்ளம் ஆறுகிறதா, அல்லது கணக்கு எழுதுகிறதா?

புனித அகுஸ்தீன் தம் தாய் மோனிக்காவைப் பற்றி எழுதியதை உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உன் வீட்டுக் கதையாகவே இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில், வட ஆப்பிரிக்காவின் தகஸ்தே ஊரில், வேலைக்காரிகள் ஓதிய கோள்களால் மோனிக்காவின் மாமியார் அவர்மேல் கசந்திருந்தார். மோனிக்கா கோளுக்குக் கோள் சொல்லவில்லை. மதிப்பையும் சாந்தத்தையும் விடாமல் கடைப்பிடித்தார். கடைசியில் மாமியாரே அந்தக் கோள்களைத் தம் மகனிடம் வெளிப்படுத்தி முறையிட்டு, அதற்குப் பிறகு மருமகளுடன் இனிதாக வாழ்ந்தார். மோனிக்காவிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. சண்டையிட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் அவரிடம் வந்து ஒருவரைப் பற்றி ஒருவர் கொட்டித் தீர்ப்பார்கள். அவர்களைச் சேர்த்துவைக்க உதவும் சொல்லைத் தவிர வேறெதையும் அவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டார். எழுத எளிது, நடைமுறையில் எவ்வளவு கடினம் என்பது நம் சபைப் பெண்கள் கூட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதே நூலில், கணவர்களிடம் அடிபடும் பெண்களுக்கு மோனிக்கா சொன்ன ஆலோசனையும் வருகிறது; அடங்கிப் போங்கள் என்பது அது. அதை நான் இன்று எந்தப் பெண்ணுக்கும் சொல்ல மாட்டேன். வீட்டில் உன்மேலோ பிள்ளைகள்மேலோ யாராவது கை வைத்தால், பிறந்த வீட்டுக்கோ நம்பகமான வேறு இடத்துக்கோ பிள்ளைகளுடன் போய்விடு; பிறகு போதகரிடமும் கணவரிடமும் பேசு. அடிபடுவதை ஆண்டவர் உன் சிலுவையாக வைக்கவில்லை.

உன் கடிதத்தில் அடி இல்லை, சொல்தான் இருக்கிறது. அப்படியானால் இரண்டு காரியங்களைச் செய். பணத்தைப் பற்றியது பொறுமைக்குரிய காரியம் அன்று, நீதிக்குரியது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் வேண்டியது உன் கைக்கு வர வேண்டும் என்று கணவரிடம் தெளிவாகச் சொல். அவர் தாயாரைப் பற்றிக் குறை சொல்லாமல், தொகையை மட்டும் சொல். இரண்டாவது, மாமியார் தனியாகவும் பசியாறியும் இருக்கும் ஒரு நேரம் பார்த்து, "அம்மா, நான் இப்படிச் சொன்னதாக உங்களிடம் ஒருவர் சொன்னாராம். நான் சொல்லவில்லை. இனி என்னைப் பற்றி எது கேட்டாலும் என்னிடமே கேளுங்கள்" என்று சொல். கோள் சொன்னவளின் பெயரை எடுக்காதே. முதல் தடவை பலிக்காமல் போகலாம்; ஒரு மாதம் விட்டு மறுபடியும் சொல். மகன் கண்காணாத தூரத்தில் இருக்கும் ஒரு தாயின் பயம் சில சமயம் இந்த உருவத்தில் வெளிப்படுகிறது என்பதையும் நினைவில் வை. இது அவர் பேசுவதைச் சரியாக்காது, உன் சினத்தை மட்டும் கொஞ்சம் தணிக்கும்.

கேள்வி: பாட்டி சொல்லும் 'மட்டசனம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? கட்டட வேலை செய்யும் நான் தவக்காலத்தில் உபவாசம் இருந்தே ஆகவேண்டுமா? — ஓர் இளைஞர், பகோ

பதில்: தம்பி, மட்டு என்றால் அளவு, அசனம் என்றால் உணவு. உணவில் தொடங்கி எல்லா ஆசைகளிலும் அளவறிந்து நிற்பதற்கு நம் மூத்தோர் வைத்த அழகான பெயர் அது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி, 18 வயது நிறைந்தவர்கள் 60ஆம் வயது தொடங்கும்வரை சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாள்களில் ஒருசந்தி இருக்க வேண்டும். கடும் உடலுழைப்புச் செய்பவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதில் விலக்கு அளிப்பது நெடுநாள் வழக்கம். வெயிலில் சாரத்தின்மேல் நிற்கும் நீ பட்டினி கிடந்து மயங்கி விழுவதில் புண்ணியம் இல்லை. வெற்றிலையை நாற்பது நாள் விட்டுப் பார். அந்தக் காசைத் தனியே எடுத்துவைத்து, பெரிய வெள்ளியன்று யாருக்கும் சொல்லாமல் தேவைப்பட்ட ஒருவரிடம் கொடு. வெற்றிலை போடாத ஆளாக இருந்தால், கைப்பேசியை இரவு உணவுக்குப் பிறகு தொடாமல் இருந்து பார்.

கேள்வி: தண்ணீர்த் திருவிழா நாள்களில் எங்கள் தெருவில் பௌத்தர்கள் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு போடுவார்கள். அதற்கு அரிசியும் வேலைக்கு ஆளும் கேட்டு எங்கள் வீட்டுக்கும் வருகிறார்கள். என் அண்ணன் இந்து. அவரும் கோயில் அன்னதானத்தில் காய்கறி நறுக்க என்னைக் கூப்பிடுகிறார். போனால் விசுவாசத்துக்கு விரோதம் என்று சிலர் சொல்கிறார்கள். — ஒரு குடும்பத் தலைவி, தாட்டோன்

பதில்: சகோதரி, கொரிந்து சபையும் பவுலிடம் கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டது. அவருடைய பதில் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையிலான அதிகாரங்களில் இருக்கிறது, அது ஒற்றை வரியில் அடங்காது. வழிபாட்டுப் பந்தியில் பங்குகொள்வதை அவர் உறுதியாகத் தடுக்கிறார். கடைத்தெருவில் விற்கும் இறைச்சியை வாங்கவும், அயலார் விருந்துக்கு அழைத்தால் போய்ச் சாப்பிடவும் தாராளமாக விடுகிறார். அதோடு, பலவீனமான சகோதரனின் மனச்சாட்சி புண்படுமானால் தமக்கிருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் தயாராக இருக்கிறார். எல்லைக்கோடு வழிபாட்டில் இருக்கிறது, மனிதர்களிடத்தில் இல்லை. பசித்தவருக்கு இடும் சோற்றுக்கு அரிசி கொடுப்பதும் வெங்காயம் நறுக்குவதும் வழிபாடு அன்று என்பது என் கருத்து. படைத்த பிறகு தரும் பிரசாதத்தை உண்ண மனச்சாட்சி இடம் தராவிட்டால், அண்ணனிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர் புரிந்துகொள்வார். நம் குடும்பங்களில் ஒரு கிளை தேவாலயத்துக்கும் ஒரு கிளை இந்துக் கோயிலுக்கும் போவது இந்நாட்டில் புதிதன்று.

இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த உலகக் கொடைப் பட்டியலில் 2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இந்நாடே முதலிடம் பெற்றது. செல்வத்தில் பின்தங்கிய நாடு கொடையில் முன்னே நின்றதற்குக் காரணம், நம் தெருவில் அரிசி கேட்டு வருகிற அந்தப் பௌத்த அக்காமார்களைப் போன்றவர்கள்தாம். அவர்கள் பயிலும் நான்கு மனநிலைகளில் ஒன்றுக்குப் பாலி மொழியில் முதிதா என்று பெயர். பிறருடைய நலத்தைக் கண்டு மகிழ்வது என்பது அதன் பொருள். "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள்" என்று பவுல் ரோமருக்கு எழுதியதும் அதைத்தான் கேட்கிறது. அழுகிறவர்களுடன் அழுவதற்கு நாம் ஓரளவு பழகியிருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நல்ல வரன் அமைந்தது என்று கேட்டு மனமார மகிழ்வதுதான் கடினம். காய்மகாரம் (பொறாமை) என்று ஞானோபதேசம் சொன்ன அந்தப் பாவத்துக்கு மருந்தாக, அடுத்த வீட்டுக்காரர் நமக்குப் பக்கத்தில் நின்று பருப்புக் கடைந்துகொண்டே தம் வீட்டுச் செய்திகளைச் சொல்லும் அந்த மூன்று மணி நேரத்தை நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: சீட்டுப் பணத்தை எடுத்து என் தங்கை கணவருக்குக் கடனாகக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகளாகத் திருப்பித் தரவில்லை. கேட்டால், "கிறிஸ்தவர்கள் மன்னிக்க வேண்டும் அல்லவா" என்று வேதத்தையே காட்டுகிறார். மன்னிப்பது என்றால் பணத்தை விட்டுவிடுவதா? — ஓர் அண்ணன், யாங்கூன்

பதில்: ஐயா, அவர் காட்டுவது மத்தேயு 18ஆம் அதிகாரமாகத்தான் இருக்கும். அதில் ராஜா மன்னித்தது பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாள் கூலி என்று கணக்கிட்டால், மொத்தம் 6 கோடி நாள் கூலி. எந்த மனிதராலும் கட்டவே முடியாத தொகை. அந்த ஊழியன் தன் உடன் ஊழியனிடம் பிடித்து உலுக்கியது 100 நாள் கூலி. அவன் பணத்தைக் கேட்டதற்காக ஆண்டவர் அவனைக் குறை சொல்லவில்லை; தொண்டையைப் பிடித்து நெரித்ததற்கும், தவணை கேட்டவனுக்கு இரங்காமல் சிறையில் போட்டதற்கும்தான் கண்டிக்கிறார். மன்னிப்பு என்பது கசப்பை விடுவது. கடனை விடுவது வேறொரு முடிவு. அதை நீங்கள் விரும்பினால் எடுக்கலாம், கடன் வாங்கியவர் உங்களுக்காக எடுக்க முடியாது. பவுலே ஒநேசிமு என்ற அடிமைக்காக அவனுடைய எஜமான் பிலேமோனிடம் பரிந்து பேசும்போது, அவன் பட்ட கடன் இருந்தால் அதை மறந்துவிடு என்று எழுதவில்லை. "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்றுதான் எழுதினார்.

கேட்கும் விதத்தைப் பற்றி உபாகமம் 24ஆம் அதிகாரம் நுட்பமாகப் பேசுகிறது. கடன் கொடுத்தவன் அடகு வாங்குவதற்காகக் கடன்காரனின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே அதை வெளியே கொண்டுவருவான். ஏழையின் போர்வை அடகாக இருந்தால் பொழுது போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடன்பட்டவனுக்கும் தன் வாசற்படிக்குள் மானம் உண்டு என்பதை இவ்வளவு மென்மையாகச் சொன்ன சட்டம் வேறு எங்கும் இருப்பதாக நான் அறியேன். பிள்ளைகள் முன்னிலையிலும் தங்கையிடமும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மைத்துனரை வெளியே தேநீர்க் கடைக்கு அழைத்துப் போய், மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்டு, அவர் சொல்லும் தொகையையே ஏற்றுக்கொள்ளுங்கள். உண்மையிலேயே வழியில்லை என்று தெரிந்தால் ஒரு பகுதியை வாய்விட்டுத் தள்ளிக் கொடுங்கள். அதற்குப் பிறகு குடும்பச் சண்டைகளில் அதை எடுத்துப் பேசுவதில்லை என்றும் முடிவு செய்யுங்கள். இந்த மண்ணில் கடன் என்ற சொல்லுக்கு நம்மவர் பெயரோடு சேர்ந்த ஒரு கசப்பு உண்டு. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த, வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் நில உடைமை, உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் மூழ்கியதால் 1938இல் சுமார் 25 விழுக்காடு ஆயிற்று. அவர்களும் வேண்டி எடுத்த நிலம் அன்று அது. ஆனாலும் நிலத்தை இழந்த உழவரின் பேரன்மாரிடம் நியாயப் பத்திரத்தைக் காட்டி அந்தக் கசப்பைத் தீர்த்துவிட முடியவில்லை. உறவுக்குள் கடன் கேட்கப் போகும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: எனக்கு 81 வயது. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் வீட்டின் பின்சுவர் விழுந்த பிறகு மகள் வீட்டில் இருக்கிறேன். கைகள் நடுங்குகின்றன. கொடுத்தே பழகியவன், இப்போது கழிப்பறைக்குப் போகவும் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் நான் கடைப்பிடிக்கக்கூடிய நற்குணம் என்று எது மிஞ்சியிருக்கிறது? — ஒரு முதியவர், மாண்டலே

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன்.

பர்மியர் ஆனாடே என்று சொல்வார்கள். பிறருக்குத் தொந்தரவாகிவிடுவோமோ என்று உள்ளம் கூசுவது. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த நமக்கும் அது இரத்தத்தில் ஊறிவிட்டது. ஆனால் ஆண்டவரைப் பாருங்கள். சீமோனின் படகை இரவல் கேட்டார். ஊழியக் காலத்தில் பெண்கள் தங்கள் ஆஸ்திகளால் அவருக்குச் செய்த உதவியை ஏற்றுக்கொண்டார் (லூக்கா 8:3). நண்பகலில் களைத்துப்போய்க் கிணற்றருகே உட்கார்ந்து, தம் இனத்தார் பேசவும் விரும்பாத சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். அந்தப் பெண்ணின் வாழ்வு மாறியது, அவர் எதையோ கொடுத்ததால் தொடங்கவில்லை, கேட்டதால் தொடங்கியது. உங்களைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பேரன், உங்கள் வழியாக இரக்கத்தைப் பழகிக்கொண்டிருக்கிறான். முகம் சுளிக்காமல், ஆனாடே என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அவனைக் கூச வைக்காமல், அவன் உதவியை வாங்கிக்கொள்வது தாழ்ச்சி. இளமையில் கொடுத்ததைவிட இது உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று அறிவேன்.

எதிர்நோக்கையும் நான் இங்கே சேர்ப்பேன். அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813 ஜூலையில் ரங்கூனில் வந்திறங்கினார். முதல் பர்மிய விசுவாசி ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில். இடையில் ஆறு ஆண்டுகள், காண்பிக்க ஒன்றும் இல்லாமல் மொழியைக் கற்றுக்கொண்டும் மொழிபெயர்த்துக்கொண்டும் இருந்தார். பிறகு போர் வந்தது. அன்றைய தலைநகரான ஆவாவில் விலங்கோடு சிறையிருந்தார். பர்மிய வேதாகமத்தின் மொழிபெயர்ப்பு முடிந்தபோது 1834 ஆகியிருந்தது. உங்கள் மகள் வீட்டில் பர்மிய வேதாகமம் இருந்தால், பேரனை ஒரு நாளைக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, நீங்கள் அதே பத்தியைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். தமிழ் எழுத்து அறியாத பேரப்பிள்ளைகள் நம்மில் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், அதைச் செய்யக்கூடியவர்கள் உங்கள் வயதினரே.

இன்னும் ஒன்று. இந்நாட்டுத் தெருக்களில் வழிப்போக்கர்களுக்காக மண்பானையில் குளிர்ந்த நீர் வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நாம் வளர்ந்தோம். நம் ஊர்த் தண்ணீர்ப்பந்தலின் உடன்பிறப்பு அது. ஒரு கலசம் தண்ணீர் கொடுப்பவனும் தன் பலனை அடையாமற்போகான் என்று ஆண்டவர் சொன்னதற்கு இதைவிட நேரான பொருள் எனக்குத் தெரியவில்லை. மகள் சம்மதித்தால் வாசலில் ஒரு பானை வையுங்கள். தூக்குவதும் நிரப்புவதும் பேரன் செய்யட்டும். மூடி சரியாக மூடியிருக்கிறதா, குவளை சுத்தமாக இருக்கிறதா, தண்ணீர் காய்ச்சி ஆறியதுதானா என்று பார்ப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும். வாரத்துக்கு இரண்டு முறை பானையைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.